கல்லாவில் உட்கார்ந்தவருக்கு யோசிக்க நேரம் எங்கே?



நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனுக்கு விண்ணப்பம் கொண்டு வருகிறவர்களிடம் கமிட்டியில் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பார்கள். "இந்தப் பணம் வந்தால் கடையில் என்ன மாற்றம் செய்யப் போகிறீர்கள்?" அதுவரை சரளமாகப் பேசியவர் இந்த இடத்தில் தடுமாறிவிடுவார். யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதற்கு அடுத்த மாதம் கடை எப்படி நடக்கும் என்பதை மட்டும் யோசித்திருக்க மாட்டார். சொல்லும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "யோசிக்க எங்கே பாய் நேரம்?"

இதைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. நம் கடைத்தெருவில் ஒரு சாதாரண மளிகைக் கடைக்காரரின் நாளை எடுத்துக்கொள்வோம். சுபுஹு தொழுத கையோடு ஷட்டரைத் தூக்குகிறார். பால் பாக்கெட், பேப்பர், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம். பத்து மணிக்கு லைன் ஆள் வருகிறார். சரக்கு இறக்க வேண்டும், பழைய பில்லுக்கும் பதில் சொல்ல வேண்டும். நடுவில் நாலு பேர் கடன் நோட்டில் எழுதச் சொல்கிறார்கள். ஜிபே ஸ்பீக்கர் கத்திக்கொண்டே இருக்கிறது. மாலையில் தண்டல்காரர் வருவார். இஷாவுக்குப் பிறகு கல்லாவை எண்ணும்போது, அன்று காலை மனதில் தோன்றிய ஒரு நல்ல யோசனை எதுவென்றே நினைவிருக்காது. இப்படியே வருடங்கள் போகின்றன.

யோசிப்பதற்கு அமைதி வேண்டும் என்று சொன்னால், அதெல்லாம் பெரிய முதலாளிகளின் ஆடம்பரம் என்று தோன்றலாம். உண்மையில் அப்படிப்பட்ட கதைகளைத்தான் நாம் அதிகம் கேட்கிறோம். மைக்ரோசாஃப்ட் பில் கேட்ஸ் வருடத்தில் சில நாள் யாரும் அணுக முடியாத ஒரு சிறு வீட்டில் தனியாகத் தங்கிப் படித்துக்கொண்டே இருப்பார் என்பார்கள். நம் ஊர்க் கதை என்றால் ஸோஹோ ஸ்ரீதர் வேம்பு. 2019இல் அமெரிக்காவை விட்டுத் தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்கு வந்து தங்கினார். 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகப் பொறுப்பையே வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஆராய்ச்சிப் பக்கம் நகர்ந்துகொண்டார். நல்ல விஷயம்தான். ஆனால் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் இருப்பவர் ஒதுங்கி உட்கார்வதும், ஒரே ஒரு பையனை வைத்துக்கொண்டு கடை நடத்துகிறவர் ஒதுங்கி உட்கார்வதும் ஒன்றாகாது. ஆகவே அந்தக் கதைகளை அங்கேயே விட்டுவிடுவோம். நமக்குப் பொருந்தும் கதை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கரும்பு விவசாயிகளிடம் கண்டது

திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 464 விவசாயிகள். அதன் முடிவு 2013இல் 'சயின்ஸ்' என்ற அறிவியல் இதழில் வெளிவந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ என்ற நால்வர் செய்த ஆய்வு அது.

கரும்புக்காரருக்கு வருமானம் வருடத்தில் ஒரு முறைதான். ஆலைப் பணம் வந்ததும் கை நிறைந்திருக்கும். அடுத்த வெட்டுக்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக்குப் போயிருக்கும், கடையில் பாக்கி ஏறியிருக்கும். ஆய்வாளர்கள் அதே விவசாயியை இரண்டு முறை சந்தித்தார்கள்; அறுவடைக்கு முன்பு ஒரு முறை, பணம் வந்த பின்பு ஒரு முறை. இரண்டு முறையும் புத்திக்கூர்மையைச் சோதிக்கும் சில புதிர்களைக் கொடுத்தார்கள். படிப்பறிவு தேவைப்படாத, வடிவங்களைப் பார்த்து விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் வகைப் புதிர்கள்.

கை வறண்டிருந்த சமயத்தில் பத்துக்குச் சராசரியாக நாலுக்குச் சற்று மேல் சரியாகச் சொன்னவர்கள், பணம் வந்த பின் ஐந்துக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். மனக்கட்டுப்பாட்டைச் சோதிக்கும் இன்னொரு பரீட்சையில் வேகமும் கூடியது, தவறும் குறைந்தது. ஆள் அதே ஆள். அந்த நாலைந்து மாதத்தில் யாரும் புதிதாகப் படித்துவிடவில்லை. சாப்பாடு சரியில்லாததால் இருக்குமா, பயிர் வேலைக் களைப்பா என்றும் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அவற்றால் இந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை. ஆலைகள் ஊருக்கு ஊர் வெவ்வேறு சமயத்தில் வெட்டு உத்தரவு கொடுப்பதால், ஒரே மாதத்தில் ஒருவர் பணம் வாங்கியவராகவும் அடுத்தவர் காத்திருப்பவராகவும் இருப்பார். ஆகவே பண்டிகையோ பருவமோ காரணம் என்றும் சொல்ல முடியாது.

அவர்கள் சொன்ன விளக்கம் இது. 'அந்தப் பாக்கியை எப்படிக் கட்டுவது' என்ற கவலை தலைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது, மற்றதை யோசிக்க மூளையில் மிஞ்சும் இடம் குறைந்துபோகிறது. வீட்டில் ஓர் அறை முழுக்கச் சரக்கு மூட்டையை அடுக்கிவிட்டால் விருந்தாளியை உட்கார வைக்க இடமிருக்காதே, அதுபோல. அறிவில்லாததால் ஏழையானான் என்று சிலர் லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். நெருக்கடி இருக்கிற அறிவையும் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதைத்தான் இந்த ஆய்வு காட்டுகிறது. இனிமேல் நம்மில் யாராவது ஒரு கடைக்காரரைப் பார்த்து "இவருக்குத் தொழில் தெரியவில்லை" என்று சொல்லும் முன் கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

கோயம்பேட்டில் தினம் ஐந்து ரூபாய்

மேற்சொன்ன ஆய்வாளர்களில் இருவர், முல்லைநாதனும் ஷஃபீரும், அதே 2013இல் ஒரு புத்தகமும் வெளியிட்டார்கள். பற்றாக்குறை மனிதனின் யோசனையை என்ன செய்கிறது என்பதுதான் அதன் பொருள். அதில் சென்னை கோயம்பேடு சந்தையில் பழம், காய், பூ விற்கும் தெரு வியாபாரிகளைப் பற்றி ஒரு கணக்கு வருகிறது. நம் ஊரில் வெற்றிலைக் கட்டு வாங்கி விற்கிறவருக்கும், தள்ளுவண்டியில் பழம் விற்கிறவருக்கும் அது அப்படியே பொருந்தும்.

விடியற்காலையில் சுமார் 1,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறார்கள். மாலைக்குள் விற்றால் 100 ரூபாய் போல மிச்சம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அந்த 1,000 ரூபாயையும் கடனாக வாங்குகிறார்கள். வட்டி நாளைக்கு 5 சதவீதம். அதாவது மிச்சமான 100இல் 50 ரூபாய் மாலையிலேயே வட்டிக்காரர் கைக்குப் போய்விடும். மறுநாள் விடிந்தால் மறுபடி 1,000 கடன். இப்படிப் பத்து வருடம், பதினைந்து வருடம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். தினமும் ஒரு டீயை விட்டுவிட்டு 5 ரூபாய் மட்டும் மிச்சம் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் 995 ரூபாய் கடன் வாங்கினால் போதும். வட்டியிலும் 25 பைசா மிச்சம். அதையும் சேர்த்தே வைக்கிறார். இப்படியே போனால் எத்தனை நாளில் கடன் முழுவதும் ஒழியும்? 200 நாள் என்று சொல்லத் தோன்றும். உண்மையில் சுமார் 50 நாள். அதன் பிறகு தினமும் 50 ரூபாய் கூடுதலாக அவர் வீட்டுக்கே போகும், வருமானம் இரட்டிப்பு.

பின் ஏன் யாரும் செய்வதில்லை? அந்த 50 நாள் எப்படி நகர்கிறது என்று பார்த்தால் ஓரளவு புரியும். பாதி வழி, அதாவது 25 நாள் தாண்டிய பிறகும், கடன் கால்வாசிகூடக் குறைந்திருக்காது. கடைசிப் பத்து நாளில்தான் 400 ரூபாய் மடமடவென்று குறையும். முதல் மாதத்தில் ஒன்றும் நடக்காததுபோல் இருப்பதால் நடுவிலேயே கை விட்டுப்போகும். இதை ஒரு முறையாவது தாளில் போட்டுப் பார்த்தவருக்குப் பொறுமை வரும்; கல்லாவில் நின்றபடி மனக்கணக்கு போடுகிறவருக்கு வராது. தாளும் பேனாவும் எடுத்து உட்கார அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரம்தான் அவரிடம் இல்லை.

வட்டி ஹராம் என்று ஜும்ஆ பயானில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். வட்டிக்கு வாங்குகிறவர் யாரும் அது தெரியாமல் வாங்குவதில்லை. தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் 2003இலேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது, தண்டல் நிற்கவில்லை. மார்க்கத் தடையும் சட்டத் தடையும் தெரிந்தவரைக்கூட, மாலை ஐந்து மணி நெருக்கடி அங்கே கொண்டு நிறுத்திவிடுகிறது. அந்த மாலைக்கு ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து யோசித்திருந்தால், பாதிச் சரக்கு எடுத்திருக்கலாம், மொத்த வியாபாரியிடம் நாலு நாள் தவணை கேட்டிருக்கலாம், நம்மிடமே வந்திருக்கலாம்.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதைத்தான் நம் போன்ற அறக்கட்டளைகள் கவனமாகப் படிக்க வேண்டும். கோயம்பேடு வியாபாரிகளில் சிலருடைய கடனை ஆய்வாளர்களே முழுவதுமாக அடைத்துப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் பலர் கடனில்லாமல்தான் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவராக, ஒரு வருடத்துக்குள் மீண்டும் தினவட்டிக்குள் போய்விட்டார்கள். வீண்செலவு காரணமல்ல. உறவில் ஒரு கல்யாண மொய், பிள்ளைக்குக் காய்ச்சல், இரண்டு நாள் மழை. இவற்றைத் தாங்கிக்கொள்ள அவர்களிடம் இடைவெளியே விடப்படவில்லை. கடனை மட்டும் எடுத்துவிட்டு, காலி இடத்தை உண்டாக்காமல் விட்டால் இதுதான் நடக்கும்.

ஒரு அறையைக் காலியாக வைத்தார்கள்

காலி இடம் என்பதற்கு ஓர் உதாரணம் அமெரிக்காவிலிருந்து. மிசூரி மாநிலத்தில் செயின்ட் ஜான்ஸ் என்ற மருத்துவமனை. அங்கே 32 அறுவை சிகிச்சை அரங்குகள். எல்லாம் எப்போதும் நிரம்பியே இருக்கும். விபத்து, அவசர நோயாளி என்று யாராவது வந்தால் முன்பே தேதி கொடுத்தவர்களைத் தள்ளிவைக்க வேண்டும். மருத்துவர்கள் நள்ளிரவு தாண்டியும் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். ஊழியர்களுக்கு ஓய்வில்லை, நோயாளிகளுக்குக் காத்திருப்பு.

வெளியிலிருந்து ஆலோசனை சொல்ல வந்தவர், "ஓர் அரங்கை யாருக்கும் முன்பதிவு செய்யாமல் காலியாக வையுங்கள்" என்றார். இருக்கிற இடமே போதவில்லை, அதில் ஒன்றை மூடுவதா என்று அறுவை மருத்துவர்கள் சண்டைக்கு வந்தார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் செய்து பார்த்தபோது, அவசர நோயாளிகள் எல்லாம் அந்த ஒரு அரங்குக்குப் போனார்கள். மற்ற 31 அரங்குகளில் போட்ட திட்டம் கலையவில்லை. மொத்த அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை சுமார் 5 சதவீதம் கூடியது. ஒன்றைக் குறைத்ததால் கூடியது.

வியாபாரிக்கு இந்தக் காலி அறை இரண்டு வகையில் தேவைப்படுகிறது. ஒன்று பணத்தில். கையில் வந்ததெல்லாம் சரக்காகி அலமாரியில் உட்கார்ந்துவிட்டால், ஒரு காய்ச்சல் வந்தாலே தண்டல்காரர்தான் கதி. நம் பக்கத்தில் மாசி, பங்குனியில் புளி வரத்து தொடங்கியதும், விலை இறங்கியிருக்கிறதே என்று உள்ளதையெல்லாம் போட்டு வாங்கிவிடும் வழக்கம் இருக்கிறது. புளி இருக்கும், கையில் பத்து ரூபாய் இருக்காது. பிறகு அவசரத்துக்கு வாங்கிய புளியையே வந்த விலைக்குத் தள்ள வேண்டிவரும். இரண்டாவது, நேரத்தில். இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

நமக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்ட நேரம்

நாம் புதிதாக நேரம் தேட வேண்டியதில்லை. ஐந்து வேளைத் தொழுகை நம் நாளை ஏற்கெனவே ஐந்து இடத்தில் வெட்டி வைத்திருக்கிறது. ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டு வரும்படியும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடும்படியும் ஜும்ஆ அத்தியாயம் சொல்கிறது. நிறுத்துவதும் அங்கே கட்டளை, திரும்பப் போய்த் தேடுவதும் அங்கேயே சொல்லப்படுகிறது. தொழுகை தொழில் உத்தி அல்ல, இபாதத். அதை வியாபார லாபத்துக்கான பயிற்சியாகச் சுருக்கிவிடக் கூடாது. ஆனால் அந்த இடைவெளியை அல்லாஹ் கொடுத்திருக்கும்போது, அதை நாம் எப்படி நடத்துகிறோம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

உடம்பு சஃப்பில் நிற்கிறது. மனம் இன்னும் கடையில் எண்ணெய் டின்னை எண்ணிக்கொண்டிருக்கிறது. இது பலருக்கும் உள்ள குறை. ஸோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைப் பற்றி எழுதினார். ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும்போது, கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது என்று சோதனைகளில் காட்டினார். பின்னர் அவரே ஒரு வழியும் சொன்னார். எழுந்திருக்கும் முன், வேலை எந்த இடத்தில் நிற்கிறது, திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஓரிரு வரி எழுதி வைத்துவிட்டால் மனம் அதை விட்டுவிடுகிறது.

கல்லாப் பக்கத்தில் ஒரு சிறிய நோட்டு போதும். பாங்கு சத்தம் கேட்டதும், "எண்ணெய் 3 டின் இறக்கியாச்சு, மீதி 2 எண்ண வேண்டும். சேலம் பார்ட்டிக்கு ஃபோன்" என்று எழுதிவிட்டுக் கிளம்பலாம். செல்போனைக் கடையிலேயே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. பத்து நிமிடத்தில் வராத பணம் பதினோராவது நிமிடத்திலும் வரும்.

காலை நேரத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. தம் சமுதாயத்துக்கு அதிகாலையில் பரக்கத் தரும்படி நபி (ஸல்) அவர்கள் துஆ செய்ததாக அபூதாவூத், திர்மிதீ தொகுப்புகளில் வருகிறது. அதை அறிவிக்கும் ஸக்ர் அல்ஃகாமிதீ (ரலி) ஒரு வியாபாரி. அவர் தம் சரக்குகளை அதிகாலையிலேயே அனுப்பிவைப்பார், செல்வந்தரானார் என்றும் அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. நம்மில் பலர் அதிகாலையில் எழுந்தாலும் அந்த நேரத்தை ஷட்டரிடம் கொடுத்துவிடுகிறோம். வாரத்தில் இரண்டு நாளாவது சுபுஹுக்குப் பிறகு கடை திறக்குமுன் அரை மணி நேரம் நடந்துவிட்டு வரலாம். ரயில் நிலையம் வரை போய், சேர்வராயன் மலைப்பக்கம் வெளிச்சம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு திரும்பினால் போதும். நடக்கும்போது மனிதனுக்குப் புது யோசனைகள் உட்கார்ந்திருக்கும்போதைவிட அதிகம் தோன்றுகின்றன என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு இயந்திரத்தில் நடந்தவர்களுக்கும்கூட அப்படித்தான். நமக்கு மலையே இருக்கிறது.

துணிக்கடை வைத்திருந்த இமாம்

இதற்கெல்லாம் முன்மாதிரி தேடிக் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டியதில்லை. நம்மில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியது, இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஒரு துணி வியாபாரி என்பதை. ஹிஜ்ரி 80இல் பிறந்து 150இல் மறைந்தவர்கள். கூஃபா நகரில் பட்டுக் கலந்த துணி விற்கும் கடை. அவ்வளவு பெரிய இல்மு வேலையை அவர்கள் கடையைக் கட்டிவிட்டுச் செய்யவில்லை. ஹஃப்ஸ் என்ற பங்காளி இருந்தார். கடைக்கு ஒரு நேரம், பாடத்துக்கு ஒரு நேரம் என்று இருந்தது. மாணவர்களை வட்டமாக உட்கார வைத்து, ஒரே மஸ்அலாவைப் பல நாள் எல்லாக் கோணத்திலும் விவாதித்த பிறகே முடிவை எழுத வைப்பார்கள் என்று அவர்களுடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது.

பங்காளியை நம்பிக் கடையை விட்டால் என்ன ஆகும் என்ற பயம் எல்லா முதலாளிக்கும் உண்டு. இமாமுக்கும் அது நடந்தது. குறையுள்ள ஒரு துணியை, குறையைச் சொல்லி விற்கும்படி ஹஃப்ஸிடம் சொல்லி அனுப்பினார்கள். ஹஃப்ஸ் மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார்; வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அந்தச் சரக்கின் விற்பனைப் பணம் முழுவதையும் ஸதகாவாகக் கொடுத்துவிட்டார்கள். பொறுப்பைப் பிறரிடம் கொடுத்தால் நஷ்டமே வராது என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் நானே பார்ப்பேன் என்று இருந்திருந்தால் கூஃபாவுக்கு ஒரு நல்ல துணிக்கடை கிடைத்திருக்கும், நமக்கு ஒரு மத்ஹபு கிடைத்திருக்காது.

நம் கடைகளில் பையன் பத்து வருடம் வேலை பார்த்தாலும் கல்லாச் சாவி கைக்கு வராது. திருடிவிடுவான் என்ற பயம் ஒன்று. தொழிலைக் கற்றுக்கொண்டு எதிரிலேயே கடை போடுவான் என்ற பயம் இன்னொன்று. இரண்டாவது பயத்துக்கு என்னிடம் மருந்தில்லை. ரிஸ்கு அளிப்பவன் அல்லாஹ் என்பதைத் தவிர. முதல் பயத்துக்கு வழி உண்டு: தினம் ஒரு மணி நேரம் மட்டும், எண்ணிக் கொடுத்த சில்லறையோடு, மதியக் கூட்டமில்லாத வேளையில் விட்டுப் பார்ப்பது.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது

ஓய்வெடுக்கலாம், கைலூலா என்னும் மதியச் சிறுதூக்கம் சுன்னத்தே. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது அந்த நேரத்தைத் தொழிலைத் தள்ளி நின்று பார்க்கப் பயன்படுத்த வேண்டும். தள்ளி நின்று பார்ப்பது என்றால் என்ன என்பதற்குக் கடலூர் சின்னிகிருஷ்ணனைச் சொல்லலாம். பெரிய பாட்டிலில் வருவதை ஏழை வாங்க முடியாது. கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் வாங்கும்படி எதையும் சிறு பொட்டலத்தில் கொடுத்தால் என்ன என்று யோசித்தவர் அவர். இன்று நம் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுக்கு வழி அங்கேதான் பிறந்தது. அவருடைய மகன் ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பு தொடங்கினார். எந்தக் கம்பெனிக் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார். விற்பனை பிடித்ததும், சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார். இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. வாங்குகிறவர் கையில் எவ்வளவு இருக்கிறது, குப்பையில் என்ன கிடக்கிறது என்று நின்று பார்த்திருக்கிறார்கள். நாமும் தினமும் அதே கையைத்தான் பார்க்கிறோம். மீதிச் சில்லறை கொடுக்கும் அவசரத்தில்.

ஆகவே நோட்டை எடுத்துக்கொண்டு, கடைக்கு எதிர்த் திண்ணையில் வாடிக்கையாளர் மாதிரி உட்காருங்கள். கேட்டு, இல்லை என்று தெரிந்து திரும்பிப் போகிறவர் எத்தனை பேர்? என்ன கேட்டார்கள்? மூன்று மாதமாக அசையாத சரக்கு எது, அதில் எவ்வளவு பணம் தூங்குகிறது? வெற்றிலை வியாபாரி என்றால், வாடிப்போய்த் தூக்கி எறியும் கட்டு வாரத்துக்கு எத்தனை, எந்தக் கிழமையில் அதிகம்? புளி வியாபாரி என்றால், கொட்டை எடுத்துத் தரம் பிரித்துச் சிறு பாக்கெட்டில் கொடுத்தால் கூலி போக நிற்குமா? பதில் உடனே வராது. எழுதி வைத்துவிட்டு எழுந்துவிடலாம். மனம் அதைத் தானே உருட்டிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் கழித்து ஒளுச் செய்யும்போதோ பஸ்ஸிலோ தோன்றும். தோன்றியதும் எழுதிவிட வேண்டும்.

தோன்றிய உடனே செய்யாமல் இருப்பதும் முக்கியம். கோபத்தில் இருக்கும்போது இருவருக்கிடையே தீர்ப்பளிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் நீதிபதிகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பங்காளியைப் பிரிவது, வேலையாளை நிறுத்துவது, இரண்டாவது கடை எடுப்பது போன்றவையும் தீர்ப்புகள்தான். தண்டல்காரர் வந்துபோன மாலையிலும், யாரோ ஒருவர் கடையைப் பார்த்து எரிச்சல்பட்ட மறுநாளும் அந்த முடிவுகளை எடுக்க வேண்டாம். இஸ்திகாரா தொழுது, விவரம் தெரிந்த ஒருவரிடம் மஷூரா கேட்டு, ஒரு ஜும்ஆ தாண்டட்டும்.

இவ்வளவும் ஆண்களை நினைத்தே எழுதியதுபோல் ஆகிவிட்டது. வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும், மாவு அரைத்து விற்கும் சகோதரிகளின் நிலை இன்னும் கடினம். அவர்களுக்குக் கடையும் அடுப்படியும் ஒன்றே. மூடுவதற்கு ஷட்டர்கூட இல்லை. பிளவுஸ் வாங்க வந்தவர் கதவைத் தட்டும்போது சோறு பொங்கிக்கொண்டிருக்கும். அந்த வீட்டு ஆண்கள் அஸருக்குப் பிறகு பிள்ளைகளை ஒரு மணி நேரம் வெளியே கூட்டிக்கொண்டு போனால், அவர் கணக்கு நோட்டைத் திறக்கவாவது முடியும். அது உதவி அல்ல, அந்தத் தொழிலில் வரும் வருமானத்தைச் சாப்பிடுகிறவரின் பங்கு.

கமிட்டிக்குக் கடன் விண்ணப்பம் கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொகையை எழுதும் இடத்துக்குக் கீழே, இந்தப் பணத்தில் சரக்காக்காமல் கையில் நிறுத்தப்போவது எவ்வளவு, கடையை விட்டுத் தள்ளி உட்கார வாரத்தில் எந்தக் கிழமை எந்த நேரம், அந்த நேரத்தில் கல்லாவை யார் பார்ப்பார் என்ற மூன்றையும் எழுதி வாருங்கள். எழுத வராதவர்கள் வாயால் சொன்னால் போதும். அலுவலகத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார்.